சிறுவர்களோடு ஒரு குவிமாடம் கட்டுவது எப்படி? மட்டக்களப்பில் நாங்கள் கட்டிய கணக்கு

எங்கள் வாசிகசாலை வளவில் இப்போது ஒரு குவிமாடம் நிற்கிறது. தரையில் 4.8 மீற்றர் அகலம், நடுவில் 2.4 மீற்றர் உயரம். 65 இரும்புக் குழாய்த் துண்டுகளை 26 முடிச்சுகளில் போல்ட் போட்டு இறுக்கியது. வெல்டிங் ஓரிடத்திலும் இல்லை. 9 வயதிலிருந்து 15 வயது வரையான 22 பிள்ளைகள் அளந்து, தேய்த்து, நிறம் பூசி, தூக்கி நிறுத்தினார்கள். பகலில் அதற்குள் இருந்து வாசிக்கிறார்கள், இரவில் மேலே உள்ள திறப்பு வழியாக வெள்ளி பார்க்கிறார்கள். கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருப்பதால் ஊரில் அதற்குச் ‘சிரட்டை வீடு’ என்றே பெயர்.

நான்கு மாதத்தில் முடிய வேண்டிய வேலை எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது. கடிதங்களைத் தலைகீழான ஒழுங்கில் எடுக்கப் போனதும், ஒரு குழாயின் நீளத்தைக் கடைக்காரர் சொன்னபடி நம்பியதும்தான் காரணம். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இன்னொரு ஊர் இதைத் தொடங்கினால் அந்த நான்கு மாதம் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் கல்லடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருப்பவர்களுக்குச் சில விடயங்கள் மாறும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. எதையும் வாங்க முதல் ஈர்க்கில் கட்டுங்கள்

முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டி மூன்று படங்களைக் காட்டினோம். பிரான்சில் செவால் என்ற தபால்காரர் 1879 இல் தொடங்கி 33 ஆண்டுகள், தபால் கொடுக்கப் போகும் வழியில் பொறுக்கிய கற்களால் கட்டிய 26 மீற்றர் நீள மாளிகை. லொஸ் ஏஞ்சலிசில் சைமன் ரொடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனி ஆளாக எழுப்பிய கோபுரங்கள். அவற்றில் உயரமானது கிட்டத்தட்ட 30 மீற்றர், மேலெல்லாம் உடைந்த ஓடும் போத்தலும் பதித்தது. மூன்றாவது சண்டிகரில் நெக் சந்த் என்ற வீதிப் பரிசோதகர் கழிவுப் பொருட்களால் செய்த பாறைத் தோட்டம். “இவங்க எல்லாம் இஞ்சினியரா?” என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்றதும் அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காகவே முதலில் படத்தைக் காட்டுங்கள்.

அப்புறம் உடனே கையில் வேலை கொடுக்க வேண்டும். தென்னை ஈர்க்கும் களிமண் உருண்டையும் போதும். உண்மையான அளவில் பத்தில் ஒரு பங்கு: கட்டை 13.1 சென்ரிமீற்றர், நெட்டை 14.8 சென்ரிமீற்றர். கட்டை 30, நெட்டை 35. (குட்டைத் துண்டு கட்டை, நீளமானது நெட்டை. இந்தப் பெயர்கள் பிள்ளைகள் வைத்தவை. கடைசி வரை இவையே நின்றன.)

அதற்கும் முன்னால் நான்கு ஈர்க்கில் ஒரு சதுரமும் மூன்று ஈர்க்கில் ஒரு முக்கோணமும் செய்யச் சொல்லுங்கள். எங்களிடம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி சதுரத்தின் மூலையை ஒரு விரலால் தள்ளினாள், அது சரிந்து படுத்துவிட்டது. முக்கோணத்தைத் தள்ளினாள், அசையவில்லை. பிறகு இரண்டு கையாலும் அழுத்தினாள். ஈர்க்கு வில்லாக வளைந்ததே தவிர மூலை விலகவில்லை. “இது ஏன் விழுதில்ல?” என்று அவள் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. குவிமாடம் முழுவதும் 40 முக்கோணங்கள்தான்.

இதற்கு ஒரு சனிக்கிழமை போதும், செலவு இல்லை. மாதிரியைப் பத்திரமாக வையுங்கள். பிரதேச சபைக்குப் போகும்போது அது உங்கள் விண்ணப்பத்தைவிட நன்றாகப் பேசும்.

2. காணி யாருடையது என்று கடதாசியில் பாருங்கள்

எங்களுக்கு அதிக நாள் போனது இங்கேதான். வாசிகசாலை வளவு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் சொந்தம் என்று ஊரே நம்பியிருந்தது. சங்கத்திடம் அனுமதி எடுத்து, பிள்ளைகளுக்கு நாளும் சொன்ன பிறகுதான் காணி வேறொரு பொது அமைப்பின் பதிவில் இருப்பது தெரியவந்தது. ஏழு வாரம் போயிற்று. நாள் தள்ளிப்போகிறது என்று 22 பிள்ளைகளிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஆகவே முதல் வேலையாகக் கிராம உத்தியோகத்தரிடம் போய், அந்தத் துண்டு தனியார் உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா, பிரதேச சபையினதா, கோயிலினதா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாமல் ஒரு கடிதமாக வாங்குங்கள்.

பாடசாலை வளவு என்றால் அதிபரின் வாய்ச்சொல் போதாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானத்தோடு அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தவணை விடுமுறைக்கு முந்திய வாரம் எழுதினால் அந்தக் கடிதம் விடுமுறை முடியும் வரை கிடக்கும்.

கோயில் காணி என்றால் பரிபாலன சபையின் எழுத்து வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் கேட்கப் போகாதீர்கள். யாருக்கும் நேரம் இருக்காது, இருக்கவும் கூடாது.

3. கடிதங்கள்: இந்த ஒழுங்கில்

நெக் சந்த் தன் தோட்டத்தை அரச காணியில் ஒருவருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் கட்டினார். கண்டுபிடித்தபோது அது இடிபடாமல் தப்பி 1976 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ரொடியாவின் கோபுரங்களையும் இடிக்கத்தான் நகர நிர்வாகம் உத்தரவு போட்டது. அவர்கள் தனி ஆட்கள், தங்கள் உழைப்பை மட்டும் பணயம் வைத்தார்கள். நாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறோம். அவர்கள் கட்டியதை ஒருவர் வந்து கழற்றச் சொல்லும் நாள் வரவே கூடாது.

முதலில் கிராம உத்தியோகத்தரின் காணிக் கடிதம். எங்களுக்கு இரண்டு நாள்.

இரண்டாவது, சங்கத்தின் தீர்மானம். திகதி, வந்தவர்களின் கையொப்பம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாம் கூட்டறிக்கையில் இருக்க வேண்டும். மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் இதை நினைத்தீர்கள் என்றால் ஒரு மாதம் காத்திருப்பு, ஆகவே கூட்டத் திகதியை முன்பே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, பிரதேச சபைக்கு விண்ணப்பம். ‘கழற்றி எடுக்கக்கூடிய தற்காலிகக் கட்டமைப்பு’ என்று தெளிவாக எழுதுங்கள். ‘கட்டடம்’ என்று எழுதியதால் எங்கள் முதல் விண்ணப்பம் வீடு கட்டுவோரின் வரிசையில் போய் விழுந்தது. கூடவே வையுங்கள்: காணிக் கடிதம், தீர்மானத்தின் பிரதி, எல்லையிலிருந்து தூரம் குறித்த கைவரை படம், குவிமாடத்தின் அகல உயரம், ஈர்க்கு மாதிரியின் புகைப்படம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வரும் நாளில் நீங்கள் அந்த இடத்தில் நில்லுங்கள். எங்கு நங்கூரம், எத்தனை கிலோ என்று அவர் கேட்பார். பதில் 7ஆம் படியில் இருக்கிறது. எங்களுக்கு ஐந்து வாரம் எடுத்தது.

நான்காவது, எழுவான்கரைக்காரர்களுக்கு (கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு) மட்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் செய்ய 1981 இன் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. கடலோடு தொடர்புள்ள களப்பு, ஆறுகளின் முகத்துவாரப் பக்கமும் இந்த வலயம் உள்ளே நீளும், ஆகவே ‘எங்களுக்குக் கடல் தூரம்’ என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் கேட்டால் உங்கள் துண்டு உள்ளேயா வெளியேயா என்று சொல்வார்கள். மூன்றாவதையும் இதையும் ஒரே வாரத்தில் கொடுங்கள். நாங்கள் ஒன்று முடிந்த பிறகு மற்றதைக் கொடுத்து மூன்று வாரத்தை இழந்தோம்.

ஐந்தாவது, பெற்றோரின் சம்மதக் கடிதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. என்ன வேலை, எந்த நாட்கள், எத்தனை மணி வரை, எந்தக் கருவியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அதிலேயே இருக்கட்டும். படம் எடுக்கச் சம்மதமா என்பதற்குத் தனிக் கோடு. தாய் தகப்பன் வெளிநாட்டில் இருந்தால், பிள்ளையை இப்போது வைத்துப் பார்க்கும் அம்மம்மாவிடமே கையொப்பம் வாங்கி, பெற்றோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மூன்று பிரதி. அசலை ஓர் அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

4. காசு

சங்கத்தின் பெயரில் இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தனி ஆளின் கணக்குக்குக் காசு வந்தால், எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் ஆறாம் மாதம் பேச்சு வரும். பற்றுச்சீட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வாசிகசாலை மேசையில் வையுங்கள், யாரும் புரட்டலாம்.

எங்கள் செலவு மொத்தம் 194,500 ரூபாய். குழாய் 19 க்கு 98,800. தட்டித் துளையிட்ட பட்டறைக்கு 13,000. போல்ட், நட்டு, வாசர் 4,500. சீமெந்து, கல், கம்பி 11,000. பெயின்ட் 9,000. நிழல்வலை, தார்ப்பாய், தையல் எல்லாம் சேர்த்து 34,000. ஏற்றியிறக்கியது 6,000. தேநீரும் மத்தியானச் சோறும் 15,000. கடிதம், பிரதி, பஸ் 3,200. நீங்கள் வாசிக்கும் நேரத்தில் விலை மாறியிருக்கும், எண்ணிக்கை மாறாது. அதை வைத்து மூன்று கடையில் எழுத்தில் விலை கேளுங்கள்.

சாப்பாட்டுக் காசைக் குறைக்க நினைக்காதீர்கள். வெயிலில் வேலை செய்த பிள்ளைக்கு மத்தியானம் சூடான சோறு வேண்டும். மாதர் சங்கத்து அம்மாமார் சமைத்துத் தந்திராவிட்டால் இந்தத் தொகை இரண்டு மடங்காகியிருக்கும்.

5. குழாய் வாங்குவது: அளவுநாடா இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்

முக்கால் அங்குல ஜிஐ குழாய் (நாகம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), நடுத்தரத் தடிப்பு. ஒரு துண்டு இரண்டரைக் கிலோவைத் தாண்டாது, பத்து வயதுப் பிள்ளை தூக்கலாம். மூங்கிலும் சவுக்கும் மலிவு, ஆனால் தடிப்பு ஒரே சீராக இருக்காது, உப்புக்காற்றிலும் மழையிலும் முடிச்சுப் பக்கம் சீக்கிரம் இற்றுப்போகும்.

நாங்கள் முதலில் அரைவிட்டம் 2.5 மீற்றர் என்று வைத்தோம். வெட்டும் நீளம் கட்டைக்கு 140.6, நெட்டைக்கு 158.5 சென்ரிமீற்றர். ஒரு குழாயில் இரண்டு கட்டை, இரண்டு நெட்டை: கூட்டினால் 598.2. கடைக்காரர் 20 அடிக் குழாய் என்றார். 20 அடி என்றால் 609.6, தாராளம். வந்த குழாய் 6 மீற்றர், அதாவது 600. அதிலும் நுனி கோணலாக வெட்டுப்பட்டது. கிறைண்டர் தட்டு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீற்றர் தின்னும். நான்காவது துண்டு சில இடத்தில் 4, 5 மில்லிமீற்றர் குறைந்தது. இரண்டு குழாயைத் தட்டித் துளை போட்டு முடித்த பிறகுதான் கண்டோம்.

அன்று இரவு கணக்கை மாற்றினோம். அரைவிட்டம் 2.4 மீற்றர். நீங்கள் நேரே இதையே எடுங்கள்:

கட்டை: துளைக்குத் துளை 131.2 சென்ரிமீற்றர், வெட்டும் நீளம் 135.2.
நெட்டை: துளைக்குத் துளை 148.3 சென்ரிமீற்றர், வெட்டும் நீளம் 152.3.

16 குழாயில் இரண்டு கட்டை, இரண்டு நெட்டை வீதம். 17ஆவது குழாயில் மூன்று நெட்டை, ஒரு கட்டை. முடிவில் 35 நெட்டையும் 33 கட்டையும் கையில் இருக்கும், மூன்று கட்டை உபரி. 17 குழாய் போதும், நாங்கள் கெடுத்த இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

வேறு அளவு வேண்டுமென்றால், அரைவிட்டத்தை 0.5465 ஆல் பெருக்கினால் கட்டை, 0.618 ஆல் பெருக்கினால் நெட்டை. இவை துளைக்குத் துளை. வெட்டுவதற்கு 4 சென்ரிமீற்றர் கூட்டுங்கள்.

போல்ட் 10 மில்லிமீற்றர் தடிப்பு, 2 அங்குல நீளம். 26 போதும், 30 வாங்குங்கள். மேலும் கீழும் வாசர். கடற்கரை ஊரென்றால் நாகம் பூசிய போல்ட்தான் வேண்டும். சாதாரணப் போல்ட் ஒரு மாரிக்குள் நட்டோடு ஒட்டிவிடும், பிறகு கழற்ற முடியாது.

6. பட்டறை வேலை

வெட்டுவது, தட்டுவது, துளையிடுவது மூன்றும் பெரியவர்களின் வேலை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிறைண்டருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கவே கூடாது. வெல்டிங் செய்து தருகிறேன், சீக்கிரம் முடியும் என்று பட்டறைக்காரர் சொல்வார். வேண்டாம். ஜிஐ குழாயின் நாகப் பூச்சு சூட்டில் ஆவியாகும், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வெல்டிங் செய்ததைக் கழற்றவும் முடியாது, கழற்ற முடியாதது ‘தற்காலிகம்’ ஆகாது.

ஒவ்வொரு நுனியையும் 6 சென்ரிமீற்றர் தட்டையாக்கி, நுனியிலிருந்து 2 சென்ரிமீற்றரில் 11 மில்லிமீற்றர்த் துளை. ஒரு பலகையில் 131.2 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு முளை அடித்துக் கொண்டுபோங்கள், இன்னொரு பலகையில் 148.3 இல். ஒரு துளையைப் போட்டு முளையில் மாட்டி, மற்றத் துளையின் இடத்தை முளையை வைத்தே குறிக்க வேண்டும். 130 துளையையும் நாடாவால் அளந்து குறித்தால் எங்காவது பிழைக்கும். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் பிழைத்த துண்டுகள் நாலைந்து சேர்ந்தால் கடைசிப் போல்ட் ஏறாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல் நுனியைத் தட்டிவிட்டு மற்ற நுனிக்குப் போகும்போது குழாய் கொஞ்சம் உருண்டுவிடும், இரண்டு தட்டையும் ஒரே தளத்தில் இராது. தரையில் வைத்துப் பாருங்கள்: இரண்டு நுனியும் படிந்து கிடந்தால் சரி, ஒரு நுனி கத்திபோல் எழும்பி நின்றால் உடனே திருத்த வேண்டும். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். வரிசையாகக் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் கண்ணை ஒருக்களித்துப் பார்த்து, பதினொன்றைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டறை அண்ணன் அந்தப் பதினொன்றையும் ஒரு வார்த்தை பேசாமல் திருத்தித் தந்தார்.

கடைசியாக நுனியை உட்பக்கம் வளைக்க வேண்டும். கட்டைக்கு 16 பாகை, நெட்டைக்கு 18 பாகை. இரண்டு நுனியும் ஒரே பக்கம். அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டால் பார்ப்பது சுலபம். தட்டிய இடத்தில் நாகம் உரிந்திருக்கும், அங்கே துருத் தடுப்புப் பூச்சு தவறாமல் அடியுங்கள்.

7. நங்கூரம்

குழாய்க் கூடு காற்றைப் பிடிக்காது. துணி போர்த்திய பிறகு அது பாய் விரித்த தோணி. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே ‘இது பறக்காதா’ என்பதுதான்.

கடற்கரை மணலில் முளை அடித்தால் கையாலேயே பிடுங்கலாம். நாங்கள் செய்தது: 20 லீற்றர் பெயின்ட் வாளி பத்து எடுத்து, நடுவில் கொக்கிபோல் வளைத்த கம்பி நட்டு, கொங்கிறீற் நிரப்பினோம். ஒன்று கிட்டத்தட்ட 48 கிலோ, பத்தும் சேர்ந்தால் 480. அடிமுடிச்சு பத்துக்கும் நேர் கீழே இரண்டடிக் குழி வெட்டிப் புதைத்து, கொக்கியை மட்டும் வெளியே விட்டோம். கொங்கிறீற் ஒரு வாரம் தண்ணீர் கண்டு இறுக வேண்டும். படுவான்கரைக் களிமண்ணில் முளை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெள்ளம் நிற்கும் வளவு என்றால் நிலத்தை ஓரடி உயர்த்தாமல் தொடங்காதீர்கள்.

குழி வெட்டியது பிள்ளைகள். மண்ணுக்குள் கிளிஞ்சல் வர வர, வேலை ஒருபக்கம் கிளிஞ்சல் சேர்ப்பு ஒருபக்கமாக அரைநாள் கூடப் போனது. விட்டுவிடுங்கள்.

8. பிள்ளைகளின் வேலை எது?

பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, வேலையைப் பெரியவர்கள் செய்கிற திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கட்டி முடிந்த பிறகு பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. உண்மையான வேலையைக் கொடுங்கள், பிழைத்தால் பிழை தெரிகிற வேலையை.

எங்களிடம் பிள்ளைகள் செய்தவை: 65 துண்டையும் அளந்து சரிபார்த்தது, அரத்தால் கூர்விளிம்பு தேய்த்தது, நிறம் பூசியது (கட்டைக்குச் சிவப்பு, நெட்டைக்கு நீலம்), குழி வெட்டியது, முடிச்சுகளுக்கு இலக்கமிட்டது, போல்ட் இறுக்கியது, செலவுக் கொப்பி எழுதியது. ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் அதைத் தேய்த்த பிள்ளையின் பெயர் இருக்கிறது. அம்மாமாரை இழுத்துக்கொண்டு வந்து ‘இது நான்’ என்று காட்டுகிறார்கள்.

கையுறை, மூடிய சப்பாத்து, மேலே வேலை நடக்கும்போது தலைக்கவசம். மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் பெரியதாக இருந்தாலும் பரவாயில்லை. காலை 7 முதல் 10 வரை, மாலை 4 முதல் 6 வரை மட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயிலில் குழாயைத் தொடவே முடியாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் ஒட்டியிருந்தோம்.

9. தூக்கி நிறுத்தும் நாள்

ஒரே நாளில் முடியும். ஆறு பெரியவர்கள், இரண்டு ஏணி, நான்கு ஸ்பானர். போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் இறுக்குங்கள். கடைசிப் போல்ட் ஏறும் வரை ஸ்பானரைத் தொட்டால் பிறகு ஒன்றும் பொருந்தாது.

தரையில் 10 நெட்டையால் வட்டம். ஒவ்வொரு அடிமுடிச்சிலிருந்தும் மேலே ஒரு கட்டை, ஒரு நெட்டை. அடுத்தடுத்த இரண்டு முடிச்சின் கட்டைகள் ஒன்றையொன்று சந்திக்கும், அதற்கடுத்த இடத்தில் நெட்டைகள் இரண்டு சந்திக்கும், இப்படி மாறி மாறிச் சுற்றும். சந்திக்கும் நுனிகளை 10 கட்டையால் சுற்றி இணையுங்கள். இந்த வளையம் மட்டமாக இருக்காது: கட்டைகள் சந்திக்கும் முடிச்சு 107 சென்ரிமீற்றர் உயரத்தில், நெட்டைகள் சந்திப்பது 126 இல். ஏதோ பிழைத்துவிட்டது என்று நாங்கள் அரைமணி நேரம் கழற்றிப் பூட்டினோம். பிழை இல்லை, அப்படித்தான் வரும்.

அதற்கு மேல் 5 கட்டையும் 10 நெட்டையும்: தாழ்ந்த முடிச்சிலிருந்து ஒரு கட்டை, உயர்ந்த முடிச்சிலிருந்து இரண்டு நெட்டை. அவற்றின் தலையை 5 நெட்டையால் இணைத்தால் உச்சிக்குக் கீழ் வளையம். கடைசி 5 கட்டையும் உச்சி முடிச்சில் கூடும்.

ஒரே ஒரு விதியை ஞாபகம் வைத்தால் போதும்: ஐந்து குழாய் கூடும் முடிச்சில் ஐந்தும் சிவப்பு. அப்படி ஆறு சிவப்புப் பூ வரும். எங்காவது ஒரு பூவில் நீல இதழ் கண்டால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள். இந்த விதியைச் சொன்னதும் பிள்ளைகள் கீழே நின்று பெரியவர்களை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். “மாமா, அந்தப் பூவில நீலம்!” என்று ஒரு சத்தம். பார்த்தால் உண்மையாகவே நீலம். கழற்றி மாற்றினோம்.

உச்சிப் போல்ட்டை யார் போடுவது என்று முன்கூட்டியே திருவுளச் சீட்டுப் போடுங்கள். அந்த நேரத்தில் தீர்மானிக்கப் போனால் யாராவது அழுவார்கள்.

10. பாரச் சோதனை

ரொடியாவின் கோபுரத்தை இடிக்க முன் 1959 இல் ஒரு சோதனை வைத்தார்கள். 10,000 இறாத்தல் விசையில் இழுத்தும் அது விழவில்லை, அதனால்தான் இன்றும் நிற்கிறது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நாங்களும் சோதித்தோம். உச்சியிலும் அதைச் சுற்றிய ஐந்து முடிச்சிலும் 25 கிலோ மணல் கட்டிய அரிசிப் பை ஒவ்வொன்று, மொத்தம் 150 கிலோ, ஒரு மணித்தியாலம். உள்ளே யாரும் போகக்கூடாது. உச்சியின் உயரத்தைத் தூக்குக்குண்டால் முன்னும் பின்னும் அளந்தோம், வித்தியாசம் தெரியவில்லை.

இந்தச் சோதனையின் பதிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் ஒரு கையொப்பம் வாங்குங்கள். சோதித்துவிட்டோம் என்பதற்காக ஏற விடாதீர்கள். ஏறக்கூடாது என்பது எங்கள் சிரட்டை வீட்டின் ஒரே சட்டம்.

11. போர்வையும் வாசலும்

மேற்பரப்பு ஏறக்குறைய 34 சதுர மீற்றர். தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து 45 வாங்க வேண்டும். முழுவதும் தார்ப்பாய் போட்டால் உள்ளே வெந்துபோகும். கீழ்ச் சுற்றுக்கு நிழல்வலை, மேலே தார்ப்பாய், உச்சியின் ஐந்து முக்கோணம் தனித்தொப்பியாகக் கழற்றும்படி. கிடுகு குளிர்ச்சிதான், பார்க்கவும் அழகு. ஆனால் நெருப்புக்குப் பயந்து நாங்கள் விட்டோம்.

வாசலுக்காகக் குழாயை வெட்டச் சொல்லிப் பலர் கேட்டார்கள். வெட்டாதீர்கள், ஒரு குழாய் போனால் பக்கத்து முடிச்சுகள் தளரும். கீழ்ச் சுற்றில் மூன்று பக்கமும் நெட்டையான முக்கோணம் ஒன்றைத் திறந்து விடுங்கள். அதன் உயரம் 126 சென்ரிமீற்றர். சின்னப் பிள்ளைகள் நிமிர்ந்து நடந்து போகிறார்கள், பெரியவர்கள் குனிந்து வருகிறோம்.

தொப்பியைக் கழற்றும் முதல் இரவை அமாவாசையை ஒட்டி வையுங்கள். உள்ளே பாய் விரித்துப் படுத்தால் ஐந்து முக்கோணத்துக்குள் வானம் மெதுவாக நகர்வது தெரியும். வெளியே வந்தால், நாம் 8 பாகை அகலாங்குக்கு உள்ளே இருப்பதால், வடக்கே துருவ வெள்ளி அடிவானத்துக்கு மேல் நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்துக்கும் குறைவாகத்தான் நிற்கும், பெரும்பாலும் தென்னை மறைக்கும். சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தென்சிலுவையைக் காட்டலாம்.

12. எந்த மாதத்தில் எது?

தைப்பொங்கல் முடிந்ததும் ஈர்க்கு மாதிரியும் காணிக் கடிதமும். மாசியில் விண்ணப்பங்கள். பெரும்போக அறுவடை நடக்கும் ஊரென்றால் பங்குனி வரை ஆள் தேடாதீர்கள். ஏப்ரல் விடுமுறையில் அளவுகள். அனுமதி வந்த பிறகுதான் குழாய், அதற்கு முன் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். சடங்கு முடிந்ததும் பட்டறை. ஆகஸ்ட் விடுமுறையில் தூக்கி நிறுத்தி, செப்டெம்பருக்குள் போர்வை. பரீட்சை எழுதும் பிள்ளைகளை அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள், அவர்களின் துண்டைப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள்.

ஒக்டோபர் முதல் வாரம் போர்வையைக் கழற்றுங்கள். மாரி முடியும் வரை கூடு மட்டும் நிற்கட்டும். காற்று பற்றிய எச்சரிக்கைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்கலாம். தார்ப்பாயை வெயிலில் காயவிட்டு, எலி போகாத பெட்டியில் மடித்து வையுங்கள். அன்றே பிள்ளைகளிடம் ஸ்பானரைக் கொடுத்து 26 முடிச்சையும் ஒரு சுற்று இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கியதற்குச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. சென்ற முறை 25 கோடுதான் வந்தது. உச்சி முடிச்சுக்கு ஏணி எட்டவில்லை என்றார்கள். பக்கத்து ஓடாவியிடம் நீள ஏணி வாங்கி வந்து அதையும் முடித்த பிறகுதான் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.